சமூகத் தொண்டும் எமது சனசமூக நிலையமும்

விழா மலர்களில் இடம்பெறத்தக்க பொருள்கள் இவை என்று எம்மிடையே ஒரு மரபு உண்டு. கல்லூரியின் தோற்றம், அதிபர்களின் வரலாறு, பரீட்சைப் பேறுகள், விளையாட்டரங்கில் ஈட்டிய வெற்றிகள், விடுதிச்சாலைச் சாம்பாரைப் பற்றிய நகைச்சுவை என்பன அவை. மலர்க்குழுவினர் என்னிடம் வேண்டியது மாணவரும் சமூகத் தொண்டும் என்னும் பொருள் பற்றிய கட்டுரை ஒன்று. எமது கல்லூரியில் இன்று இயங்கும் லியோ கழகம், இன்ரறக்ற் கழகம், முதலுதவிப் படை, சாரணர் துருப்பு ஆகியவற்றின் பணிகளைத் தொகுத்துக் கூறுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றின் ஆண்டறிக்கைகள் இம்மலரில் வேறிடத்தில் வருகின்றன. அவற்றை யான் மீண்டும் எழுதுவது தாளுக்குக் கேடு. யான் பேச விரும்புவது கல்லூரி வாயிலுக்கு வெளியே, எம்முட் பலருடைய ஊர்களிலும் உள்ள ஒரு சிறிய கட்டடத்தைப் பற்றியதாகும்.

யாழ்ப்பாணத்து ஊர்களிற் பிறந்தோருக்குச் சனசமூக நிலையம் இன்னதென விளக்க வேண்டுவதில்லை. ஆயினும், தந்தையார் பழைய மாணவர் என்ற உறவினால் இம்மலரைக் கடல் கடந்த நாடுகளிற் கையிலெடுக்கும் இளைஞர் சிலருக்காக இரண்டொரு வார்த்தை கூறுதல் தகும். ஒரு குறிச்சியில் வாழ்வோர் ஒன்றுகூடி, எவரேனும் ஒருவர் ஈந்த ஒன்றிரண்டு பரப்புக் காணியில் மண்டபம் ஒன்று அமைத்து, நாளிதழ்கள் வருவித்து, தலைவர், செயலாளர், பொருளாளர் என நிருவாக சபை ஒன்றைப் பொதுக்கூட்டத்திலே தெரிந்து நடத்தும் அமைப்பே அது. உள்ளூராட்சி மன்றத்தின் பதிவும் சிறு மானியமும் அதற்குண்டு. அதன் ஒரு கூடத்தில் முன்பள்ளி நடக்கும். விளையாட்டுக் கழகத்தின் வலையும் பந்தும் அதன் அலுமாரியில் இருக்கும். செத்த வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் வேண்டிய கதிரைகள் அதன் பின்தாழ்வாரத்தில் அடுக்கப்பட்டிருக்கும். பதிவேட்டில் அதன் பெயர் எதுவாயினும் ஊரார் அதனை வாசிகசாலை என்றே வழங்குவர்.

அவ்வழக்கு வெறும் பழக்கத்தால் வந்ததன்று. வாசிப்பே அதற்கு வேர். கொக்குவில், இணுவில் முதலிய ஊர்களின் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் நாளிதழை உரத்து வாசிக்க, ஏனையோர் கை ஓயாது புகையிலை சுற்றியபடியே கேட்டிருந்தனர் என்பது எமது பாட்டன்மார் காலத்துச் செய்தி. எழுத்தறியாதவனும் அக்கொட்டிலில் உலக நடப்பை விவாதிக்க வல்லவனாயினான். யாழ்ப்பாணப் பொது நூல் நிலையத்தின் கதையும் இவ்வாறே தொடங்கியது. 1933 ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா அவர்கள் தமது இல்லத்திலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார்கள். மறு ஆண்டு அது வாடகை அறை ஒன்றுக்கு வந்தது. 1959 இல் அழகிய மாளிகையாய் எழுந்தது. 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு தீக்கிரையாயிற்று. அம்மாளிகையைப் பற்றி எழுதாதவர் இல்லை. அதன் தொடக்கமாகிய அந்த வீட்டைப் பற்றி எழுதியவர் சிலரே. பெரியது அழிந்தபோது உலகம் கண்ணீர் விட்டது. சிறியவை எத்தனை அழிந்தன என்று எண்ணியவர் உளரோ என்பது ஐயம்.

யான் எமது ஊர் நிலையத்திற் சேர்ந்தது 1996 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில். அதற்கு முந்திய ஆண்டு ஐப்பசி மாத முடிவில், வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவிற் செம்மணி வெளி கடந்து தென்மராட்சிக்குச் சென்றதும், ஏறத்தாழ ஆறு மாதத்தின் பின்னர் திரும்பியதும் இம்மலரை வாசிப்போரிற் பெரும்பாலோர் அறிந்த வரலாறு. திரும்பி வந்தபோது எமது நிலையத்திற் கூரை இருந்தது. யன்னல்களும் அலுமாரிகளும் இல்லை. 1990 ஆம் ஆண்டு முதலே மின்சாரம் அறியாத ஊர் அது. சிறு போத்தலிற் பஞ்சுத்திரி இட்டு, தேங்காயெண்ணெய் சிறிதும் மண்ணெண்ணெய் சிறிதுமாய் எரித்த விளக்கில், பள்ளிக் கொப்பிபோற் கோடிட்ட தாளில் அச்சான நாளிதழைச் சுற்றியிருந்து வாசித்த தலைமுறை எம்முடையது. அத்தலைமுறைக்கு, வாசிகசாலை மீளத் திறந்தது வீடு திரும்பியதற்கு நிகரான செய்தியாக இருந்தது எனின் அது மிகையன்று.

முதலிற் செய்த பணி கிணறு இறைத்தல். குடாநாட்டில் ஆறு இல்லை. மழை நீர் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளில் இறங்கித் தங்குவதே எமது உயிர்நீர். கிணறே எமக்கு ஆறும் குளமும். ஆறு மாதம் எவரும் அள்ளாத கிணற்று நீர் எந்நிறத்தில் இருக்கும் என்பதைக் கண்டவரே அறிவர். சருகும் செத்த பிராணிகளும் மட்டுமல்ல, ஆகாதன பிறவும் சில கிணறுகளிற் கிடந்தன. இறைப்பு இயந்திரத்திற்கு வேண்டிய மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது; கிடைத்தாலும் விலை கொடுத்து மாளாது. ஆதலால் வாளியும் கயிறுமே துணை. நாளொன்றுக்கு 2 கிணறு, சில நாள் 3 கிணறு என்று, அணி பிரித்து இறைத்தோம். அடி தெரிந்ததும் ஒருவர் இறங்கிச் சேற்றைக் கடகத்தில் அள்ளிக் கொடுப்பார். பின்னர் ஊற்று வந்து நிரம்பியதும் குளோரின் தூள் கரைத்து ஊற்றி, மறுநாள் வரை எவரும் தொடாதவாறு காவல் இருத்தல் வேண்டும். அக்காவல்தான் கடினம். தாகத்தோடு வரும் கிழவிக்கு "நாளைக்கு அள்ளலாம், ஆச்சி" என்று சொல்லும் பொறுப்பை என் போன்ற சிறுவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பெரியவர்கள் அடுத்த வளவுக்குச் சென்றுவிடுவர். ஆச்சிமாரின் வாயிலிருந்து யான் அக்காலத்திற் கேட்ட தமிழ், இலக்கணக் கொத்து எதனிலும் இல்லாதது.

ஈண்டு ஒன்று குறிப்பிடுதல் வேண்டும். அப்பணியை எவரும் சேவை என்று அழைத்ததாக எனக்கு நினைவில்லை. "வேலை கிடக்கு, வா" என்பதே அழைப்பு. முறை வைத்துச் செய்ததால், இன்று பிறர் கிணற்றை இறைத்தவனுடைய கிணறு நாளை இறைக்கப்பட்டது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று பிரிப்பது அங்கு இயலாது.

தமிழாசிரியன் என்ற முறையில் இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சி செய்ய வாசகர் இடந்தருவாராக. திருவள்ளுவர் ஈகை என்னும் அதிகாரத்தை 23 ஆவதாக வைத்தார். அதற்கு முன்னே, 22 ஆவதாக, ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை வைத்தார். வகுப்பில் மாணவர் பலர் இரண்டும் ஒன்றே எனக் கொண்டு விடை எழுதிப் புள்ளி இழப்பதை ஆண்டுதோறும் காண்கின்றேன். ஈகை என்பது இல்லாதவனுக்கு உள்ளவன் கொடுப்பது. ஒப்புரவோ உலகநடை அறிந்து ஊரோடு ஒத்து உதவுவது. அவ்வதிகாரத்தில் அவர் காட்டும் உவமைகளை நோக்குக: ஊரார் உண்ணும் நீர் நிறைந்த ஊருணி, ஊர் நடுவே பழுத்த பயன்தரு மரம், எவ்வுறுப்பும் மருந்தாய் உதவும் மரம். இம்மூன்றும் எவருக்கும் இரங்கிக் கொடுப்பனவல்ல. ஊரின் நடுவே நிற்பன. ஊருணியில் அள்ளுபவன் எவனுக்கும் தலைகுனிய வேண்டுவதில்லை. ஈகையைப் பழிப்பது என் கருத்தன்று. 1876, 77 ஆம் ஆண்டுகளின் பஞ்ச காலத்தில் நாவலர் பெருமான் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளின் உயிர் காத்தமை எமது சமயத்தவர் போற்றும் பெருஞ்செயல். பசித்தவன் முன்னே ஒப்புரவைப் பற்றி விரிவுரை நிகழ்த்துபவன் மூடன். ஆயினும், பஞ்சம் இல்லாத காலத்தும் கஞ்சித்தொட்டி மனப்பான்மையே தொண்டு எனக் கொள்ளும் வழக்கம் எம்மிடையே வளர்ந்து வருவதையே யான் மறுக்கின்றேன்.

நிலையத்தில் யான் கற்ற கல்வியின் பெரும்பகுதி ஆண்டுப் பொதுக்கூட்டத்திற் கிடைத்தது. அக்கூட்டங்களை எண்ணுந்தோறும் இன்றும் நகை தோன்றும். பொருளாளர் சுருட்டுத் தொழிலாளி. ஐந்தாம் வகுப்போடு கல்வியை நிறுத்தியவர். அவர் எழுதிய கணக்கில் அடித்தல் திருத்தல் ஒன்றும் காணமுடியாது. ஓர் ஆண்டு, சிரமதான நாளில் வாங்கிய சீனி பற்றி ஒரு வினா எழுந்தது. 2 கிலோ வாங்கியதாகக் கணக்கு, வந்தவர் 14 பேர், எல்லோருக்கும் வெறுந்தேநீர், அவ்வாறாயின் எஞ்சிய சீனி எங்கே? ஏறத்தாழ முக்கால் மணி நேரம் அச்சீனியைப் பற்றிய விவாதம் நடந்தது. வினாவியவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். பொருளாளர் சினங்கொள்ளவில்லை. எழுந்து சென்று அலுமாரியைத் திறந்து, காகிதச் சுருளில் கட்டி நாட்குறித்து வைத்த மிகுதிச் சீனியைக் கொணர்ந்து மேசைமீது வைத்தார். எறும்பு சிறிது கொண்டு போயிருந்தது. அதற்கும் கணக்கு வேண்டுமோ என்று ஒருவர் வினவச் சபை சிரித்தது. தபாலதிபரே கணக்கறிக்கையை ஏற்குமாறு பிரேரித்தார்.

இதனை வீண் சண்டை என்று கருதுவோர் உளர். யான் அவ்வாறு கருதேன். தம் பணம் அன்று, பொதுப் பணம் என்னும் உணர்ச்சி 100 கிராம் சீனியில் இல்லாதவனுக்குக் கோடி ரூபாயில் வருவது எங்ஙனம்? தேர்தல் மேடைகளில் சனநாயகம் என்னும் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் யாம். ஒரு பிரேரணையை எழுந்து நின்று எதிர்த்துவிட்டு, வாக்கெடுப்பில் தோற்று, மறுநாட் காலை வென்றவனோடு சேர்ந்து மதகு துப்புரவு செய்யும் பழக்கத்தை யான் வேறெங்கும் கற்றிலேன்.

இனி, நிலையத்தின் புகழை மட்டும் பாடிச் செல்வது நேர்மையன்று. எமது வாசிகசாலைகளின் வரலாற்றில் ஒரு கறை உண்டு. அதனைப் பழைய மாணவர் மலர்கள் வழக்கமாகத் தொடுவதில்லை. ஓர் ஊரில் ஒரு நிலையம் போதுமாயிருக்க, அரை மைல் தூரத்துள் இரண்டு மூன்று நிலையங்கள் இருப்பது ஏன் என்று வெளியூரார் வினவினால், சனத்தொகை மிகுதி என விடை கூறுவோம். உண்மை அதுவன்று. குறிச்சி என்பது பல இடங்களிற் சாதியின் மறுபெயர். 1957 ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம், பொது இடங்களிற் சாதி காரணமாக ஒருவரைத் தடுத்தலைக் குற்றமாக்கிற்று. ஆனால் அங்கத்துவ இடாப்பிற் பெயரைப் பதியாது விடுவதற்கு எவரும் வாயிலில் நின்று தடுக்க வேண்டுவதில்லை. "விண்ணப்பம் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது" என்று எழுதினாற் போதும்.

எமது நிலையத்திலும் அவ்வாறு ஒத்திவைக்கப்பட்ட விண்ணப்பங்கள் இருந்தன. அயற்குறிச்சிக் குடும்பங்கள் ஒன்பதின் விண்ணப்பங்கள் அவை. கிணறு இறைத்த அணிகளில் அக்குடும்பத்து இளைஞர் எம்மோடு நின்றவர். 1999 ஆம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவர்களை அங்கத்தவராக்கும் பிரேரணையை மேற்கூறிய பொருளாளரே கொண்டுவந்தார். வழிமொழிவதற்கு ஒருவரும் சில கணம் எழவில்லை. பின்னர் ஓர் இளைஞர் எழுந்தார். எதிர்த்தவர் எவரும் சாதி என்ற சொல்லை உச்சரிக்கவில்லை என்பதை யான் குறிப்பிடல் வேண்டும். யாப்பில் எல்லை வரையறுக்கப்பட்டுள்ளது என்றார் ஒருவர். கதிரைகள் போதா என்றார் மற்றொருவர். அவர்களுக்கென்று தனி நிலையம் அமைக்க யாமே உதவலாம் என்று இனிமையாகக் கூறினார் இன்னொருவர். வாக்கெடுப்பில் ஆதரவு 17, எதிர்ப்பு 22. யான் ஆதரித்துக் கையுயர்த்தினேன். அதனைப் பெருமையாகக் கூறவில்லை. யான் அமர்ந்திருந்த இடம் பொருளாளருக்கு அருகில்.

பொருளாளர் பதவி துறப்பார் என எல்லோரும் எண்ணினர். அவர் துறக்கவில்லை. மறுநாட் காலை, உள்ளே கிடந்த பத்திரிகை மேசையையும் வாங்குகளையும் தூக்கி வெளித்திண்ணையில் இட்டார். உள்ளே வெளிச்சம் போதாது என்பது அவர் கூறிய காரணம். திண்ணையில் அமர்வதற்கு இடாப்பிற் பெயர் வேண்டுவதில்லை. அவ்வாரத்திலிருந்தே அயற்குறிச்சியார் வந்து வாசிக்கலாயினர். மூன்று ஆண்டுகளின் பின் அதே பிரேரணை விவாதம் ஏதுமின்றி நிறைவேறியது. கூட்டறிக்கையில் அதற்கு ஒன்றரை வரியே உண்டு. எதிர்த்து வாக்களித்தவர்களிற் சிலர் அப்போது வெளிநாடு சென்றிருந்தனர் என்பதும் உண்மை. யாவரும் மனம் மாறினர் என்று கதை முடிக்க எனக்கு விருப்பமில்லை.

இவ்வகை முயற்சிகளுக்கு இந்நாட்டில் முன்மாதிரிகள் இல்லாமலில்லை. 1924 இல் மாணவர் மாநாடாகத் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் மாநாடு எனப் பெயர் பெற்ற இயக்கத்தார் சமபந்தி போசனத்தை வற்புறுத்தினர். 1927 இல் மகாத்மா காந்தியை யாழ்ப்பாணத்திற்கு அழைத்தவரும் அவரே. அவ்வியக்கத்தின் தலைவர்களுள் ஒருவராகிய ஹண்டி பேரின்பநாயகம் அவர்கள் பின்னர் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கினார்கள். சிங்களப் பகுதியில், 1958 இல், கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் இளம் ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்ன அவர்கள், ஒதுக்கப்பட்ட சமூகத்தார் வாழ்ந்த கனத்தொளுவ என்னும் கிராமத்துக்குத் தம் மாணவரை அழைத்துச் சென்று அம்மக்களோடு தங்கி வேலை செய்தார். அதுவே சர்வோதய சிரமதான இயக்கத்தின் வித்து. இவ்விரண்டிலும் ஆசிரியரும் மாணவரும் முன்னின்றனர் என்பதை எமது ஆசிரிய நண்பர்களின் கவனத்திற்குத் தருகின்றேன்.

இனிக் கல்லூரிக் கழகங்களுக்கு வருவோம். 1905 இல் சிக்காகோ நகரிற் போல் ஹரிஸ் என்பவர் தொடங்கிய றோட்டறிக் கழகமும், 1917 இல் தோன்றிய லயன்ஸ் கழகமும், 1957 இல் அதன் இளையோர் கிளையாய்த் தோன்றிய லியோ கழகமும் மேலைநாட்டிலிருந்து வந்தவை என்பதற்காக அவற்றை வெறுப்பது பேதைமை. சிக்காகோ றோட்டறியார் முதன்முதல் மேற்கொண்ட பொதுப்பணி யாது தெரியுமோ? நகரின் நடுவே பொது மலசலகூடம் அமைக்க முயன்றமை. அதனை அறிந்த நாள்முதல் அக்கழகத்தின்மீது எனக்கு மதிப்பு உயர்ந்தது. ஊருக்குத் தேவையானது எது என்று கண்டு, அது நாற்றமுடையதாயினும் கைவைத்தனர்.

எமது கல்லூரிக் கழகங்களில் உழைக்கும் மாணவர் பலர் உண்மை ஆர்வம் உடையவர். அவர்களை யான் அறிவேன். என் குறை அவர்கள்மீதன்று, யாம் அவர்களுக்கு வகுத்துக் கொடுத்த முறைமீது. ஒரு சனிக்கிழமை, பேருந்தில் ஏறி, அறியாத கிராமம் ஒன்றிற்குச் சென்று, அப்பியாசக் கொப்பிகளை வரிசையில் நிற்கும் சிறுவருக்குக் கொடுத்து, பதாகையின் முன் நின்று ஒளிப்படம் எடுத்து, மாலையில் மீள்கின்றனர். கொப்பி பெற்ற சிறுவனின் பெயர் எவருக்கும் தெரியாது. அவன் முகம் மட்டும் கைத்தொலைபேசிகளில் உலகெங்கும் செல்லும். அவனும் ஒரு தாயின் மகன். அவனுக்கும் நாணம் உண்டு. ஆண்டு முடிவிற் சான்றிதழ் வழங்கப்படும். அச்சான்றிதழைக் குறைகூற யான் யார்? உயர்கல்விக்கும் தொழிலுக்கும் விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு அது பயன்படும். எனினும், அதே மாணவனிடம் "உன் ஊர் வாசிகசாலையின் செயலாளர் யார்?" என்று வகுப்பிற் கேட்டேன். 38 பேர் கொண்ட அவ்வகுப்பில் விடை கூறியவர் 4 பேர். அந்நால்வரில் ஒருவனுக்குச் செயலாளர் தந்தையார்.

மற்றொரு புறம் எமது நிலையங்களின் இன்றைய நிலை. எமது ஊர் நிலையத்திற்கு இப்போது மாடிக் கட்டடம் உண்டு. தரைக்குப் பளிங்கு ஓடு. சுவரில் கருங்கல்லிற் பொறித்த பெயர்கள். அப்பெயர்களில் எமது கல்லூரியின் பழைய மாணவர் நால்வர் உளர். கடுங்குளிரில் இரண்டு வேலை பார்த்துச் சேர்த்த பணத்தை ஊரை நினைந்து அனுப்பிய அவர்களுடைய நெஞ்சம் போற்றத்தக்கது. ஆனால் கட்டடம் எழுந்தபின் மூன்று ஆண்டுகளில் இரண்டு முறை பொதுக்கூட்டம் நிறைவெண் இன்றி ஒத்திவைக்கப்பட்டது. மேல்மண்டபம் பிறந்தநாள் விழாக்களுக்கு வாடகைக்கு விடப்படுகின்றது. பத்திரிகை மேசை மீண்டும் உள்ளே போய்விட்டது. ஓடு அழுக்காகும் என்பதனால் செருப்பு வெளியே, ஆளும் பெரும்பாலும் வெளியே. முன்னர் 5 ரூபாச் சந்தாவுக்கு வீடு வீடாகச் சென்ற காலத்தில், கேட்கப் போனவன் ஒவ்வொரு வீட்டின் சுகதுக்கத்தையும் அறிந்து வந்தான். இப்போது ஒரே தொலைபேசி அழைப்பில் 5 இலட்சம் வருகின்றது. எவர் வீட்டுப் படலையையும் திறக்க வேண்டுவதில்லை. பெருந்தொகை தந்தவர் கடல் கடந்திருப்பதால், சீனிக் கணக்குக் கேட்கும் தபாலதிபரின் இடமும் வெறுமையாய்க் கிடக்கின்றது. தன் பணம் அதில் இல்லாதவன் ஏன் கேட்பான்?

நண்பர் ஒருவர், அவரும் இக்கல்லூரி ஆசிரியரே, இதனை மறுத்துரைப்பார். "நாளிதழ் கைத்தொலைபேசியில் வருகின்றது, இளைஞர் வெளிநாடு போய்விட்டனர், எஞ்சியோர் மாலையில் தனியார் கல்வி நிலையங்களில் இருக்கின்றனர், வாசிகசாலையின் காலம் முடிந்தது, அதற்காகப் புலம்பாதீர்" என்பது அவர் வாதம். அதிற் பாதி உண்மை. நாளிதழ் வாசிக்க இனி எவரும் வாங்கில் வந்து அமரப் போவதில்லை என்பதை யானும் ஏற்கின்றேன். ஆனால் 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில், சமையல் எரிவாயுவும் எரிபொருளும் கிடையாத மாதங்களில் நிகழ்ந்ததை அவருக்கு நினைவூட்டுவேன். எமது குறிச்சியில், எவ்வீட்டிற் கைக்குழந்தை உண்டு, எவ்வீட்டில் நோயாளி உண்டு, எவர் விறகு பிளக்க ஆள் இல்லாதவர் என்ற பட்டியல் நிலையத்து முற்றத்திலிருந்தே எழுதப்பட்டது. எழுதியவர் முன்பள்ளி ஆசிரியை. அவருக்குத் தெரியாத வீடு இல்லை. அப்பட்டியலைக் கைத்தொலைபேசி எழுதித் தரவில்லை.

அவ்வாசிரியையை நினைக்கும்போது வேறொன்றும் தோன்றுகின்றது. யான் சேர்ந்த காலத்தில் நிலையத்தினுள் பெண்கள் வந்து அமர்ந்து வாசித்ததை அரிதாகவே கண்டேன். மாதர் சங்கம் என்று தனியே ஒன்று இருந்தது, அதற்குத் தனி அலுமாரி. இன்று பொதுக்கூட்டத்திற்கு வருவோரிற் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆயினும் தலைவர் பதவிக்கு மட்டும் எங்கிருந்தோ ஓர் ஆண்மகனைத் தேடிப் பிடிக்கின்றனர். ஆள் இல்லை, ஆள் இல்லை என்று வருந்துவோர் முன்வரிசையில் இருப்பவரைப் பார்க்கட்டும்.

கல்லூரி நிருவாகத்தினரிடமும் பழைய மாணவர் சங்கத்தாரிடமும் யான் வேண்டுவன அதிகமில்லை. கழகங்களின் ஆண்டுத் திட்டத்தில் ஒரு பகுதியேனும் மாணவன் தன் சொந்தக் குறிச்சி நிலையத்திற் செய்யும் வேலையாய் இருத்தல் வேண்டும். அதற்குப் பதாகை தேவையில்லை, நிலையச் செயலாளரின் கையொப்பம் போதும். ஓர் ஆண்டு முழுவதும் ஒரே இடத்துக்குப் போய்வந்தவனுக்கே சான்றிதழ் என்று விதித்தால் ஒளிப்படங்கள் தாமே குறையும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பழைய மாணவர், காசோலையில் ஒப்பமிடுமுன் தம் ஊர் நிலையத்தின் கூட்டம் ஒன்றில் ஒரு மாலை முழுதும் இருந்து பார்க்க வேண்டும். கணக்கறிக்கையில் ஒரு வினாவேனும் கேட்க வேண்டும். அதனை அவமதிப்பாகக் கொள்ளும் நிருவாக சபைக்குப் பணம் கொடாது விடுவதே நன்று. இது கடுமையாகத் தோன்றலாம். எமது பழைய பொருளாளர் இதனை அவமதிப்பாகக் கொண்டிருக்க மாட்டார்.

இறுதியாக ஒரு வேண்டுகோள், இது முற்றிலும் உலகியல் பற்றியது. எமது நிலையத்திற் கூட்ட அறிக்கைக் கொப்பிகள் 1996 முதல் உள்ளன. அதற்கு முந்தியவை இடப்பெயர்வில் மறைந்தன. குடாநாட்டின் வேறு பல நிலையங்களின் நிலையும் இதுவே. எனினும் செயலாளராயிருந்த சிலர் அக்கொப்பிகளைத் துணிப் பையிற் கட்டிக் கொண்டு சென்றிருத்தல் கூடும். அவை இன்று கொழும்பிலோ, ரொறொன்ரோவிலோ, இலண்டனிலோ ஏதோ ஒரு வீட்டின் அலுமாரி அடித்தட்டில் இருக்கலாம். சந்தாப் பட்டியல், சிரமதான வரவு, சீனிக் கணக்கு, ஒத்திவைக்கப்பட்ட விண்ணப்பங்கள் யாவும் அவற்றில் உண்டு. உயர்தர வகுப்பு மாணவர் சிலர் அவற்றைப் படியெடுக்க முன்வந்துள்ளனர். அத்தகைய கொப்பி எவரிடமேனும் இருப்பின், மூலத்தை வைத்துக்கொண்டு, பக்கங்களின் ஒளிப்படங்களை மட்டும் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பினாற் போதும். எறும்பு அரித்த பக்கங்களாயினும் பரவாயில்லை.